நான் எழுதிய பெட்டிசம்

சாவகச்சேரி,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள கோகுலன் அண்ணைக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். கனடாவில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், மனமில்லாமல் எழுதினேன் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அப்பாவின் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. அம்மா உங்களுக்கென்று மிளகாய்த்தூள் வறுத்துத் திரித்து வைத்திருக்கிறா, ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிற சோமசேகரம் மாமா கொண்டு வருவார், அந்தப் பொதிக்குள்தான் இதையும் ஒளித்து வைக்கப் போகிறேன். போனில் அனுப்பினால் அம்மா பார்த்துவிடுவா. ரோச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன், எழுத்துக் கோணினால் அதுதான் காரணம்.

ஆவணியில் நீங்கள் வந்து நின்றபோது ஆய்வுகூடத்தைப் பாழாக்குகிறா என்று எங்கள் விஞ்ஞான ரீச்சர் சிவகௌரிக்கு எதிராக நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிய பெட்டிசம் கல்விக் கந்தோருக்குப் போய், விளக்கம் கேட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. வியாழக்கிழமை விசாரணை. ரீச்சரைத் தீவுப்பகுதிக்கு மாற்றப் போகிறார்களாம். கீழே "பெற்றோர்கள்" என்று போட்டோமே, எந்தப் பெற்றோர் அண்ணை? "உன்ரை எழுத்துத்தான் அச்சுப்போலை வடிவு, கந்தோரிலை உன்னை ஆருக்குத் தெரியும், எழுதடி" என்றீர்கள். நான் மாட்டேன் என்றதும், "அப்ப நீ படிச்சது காணும், அப்பாட்டைச் சொல்லிக் கலியாணம் பேசுவம்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எழுதினேன்.

ரீச்சர் செய்த குற்றம் என்ன? உங்கள் பழைய மாணவர் சங்கம் கட்டித்தந்த ஆய்வுகூடம் மூன்று வருடம் பூட்டியே கிடந்தது. கண்ணாடிச் சாமான்கள் உடைந்துவிடும், வெளிநாட்டுக்காரர் வந்தால் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூட அதிபர் கதவுத் திறப்பைத் தன் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தார். நீங்கள் நாடா வெட்டிய படத்தைத்தான் நாங்கள் பார்த்தோம், சோதனைக் குழாயைப் புத்தகத்தில் பார்த்தோம். ரீச்சர் வந்த இரண்டாம் கிழமையே அதிபரின் அறை வாசலில் கதிரை போட்டு இருந்தா, திறப்புக் கைக்கு வரும்வரை எழும்பவில்லை. "உடைஞ்சா என்ரை பேரிலை எழுதுங்கோ சேர், பிள்ளையள் தொடாத சாமான் உடையாமல் இருந்து என்னத்துக்கு?" என்று கேட்டா. அவவைப் பார்த்து மற்ற ரீச்சர்மாரும் பூட்டியிருந்த அலுமாரிகளைத் திறந்தார்கள், இப்போது நூலகமும் இடைவேளையில் திறந்திருக்கிறது. ரியூசனுக்குப் போக வழியில்லாத எங்கள் வகுப்புத் தனுசியா, அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறுகிற சரியான துளியில் குழாயைப் பூட்டுகிறாள், எனக்கு இன்னும் அது வராது. நீங்கள் கழுத்தில் மாலையோடு வந்து கண்டது மேசையில் அமிலக் கறை, உங்கள் பெயர் பொறித்த கல்லில் எங்கள் ஈரத்துணி. அதற்காகவா ஒரு மனுசியைக் கடல் கடத்துவீர்கள்?

நேற்று எங்கள் கண்முன்னேதான் அதிபர் பெட்டிசத்தின் பிரதியை ரீச்சரிடம் கொடுத்தார். இரண்டு வருடமாக என் கொப்பி திருத்துகிறவவுக்கு என் எழுத்துத் தெரியாதா? வாசித்தா, என்னைப் பார்த்தா, மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. பிறகு வகுப்பில், "ஆரபி, குடுவையை இன்னும் கொஞ்சம் சரிச்சுப் பிடியும்" என்றா, அவ்வளவுதான். என் பெயரைச் சொன்னால் அவ தப்பலாம். சொல்ல மாட்டா.

அதனால் விசாரணையில் நானே சொல்லப் போகிறேன். எழுதியது நான், சொல்லித் தந்தது பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளைத் தலைவரான என் அண்ணை என்று. அப்பா அடிப்பாரோ, படிப்பை நிறுத்துவாரோ தெரியவில்லை அண்ணை. ஆனால் இது உங்களிடம் அனுமதி கேட்கும் கடிதமல்ல, உங்கள் கைக்கு வரும்போது வியாழக்கிழமை போயிருக்கும். அடுத்தமுறை வந்தால், உங்களுக்கு மாலை போடுகிற பிள்ளையிடம் ஆய்வுகூடத்துக்குள்ளே என்ன படித்தாய் என்று ஒருக்கால் கேளுங்கள்.

பிறக்கப் போகும் உங்கள் பிள்ளையைச் சந்நிதி முருகன் காக்கட்டும். உங்களுக்காக இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மிளகாய்த்தூளைப் போத்தலில் போட்டு இறுக்கி மூடச் சொல்லி அம்மா சொன்னா. அம்மாவை ஏசாதீர்கள், அவவுக்கு ஒன்றும் தெரியாது. ஏசுவதென்றால் என்னைக் கூப்பிடுங்கள், போனை நானே எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
இராசநாயகம் ஆரபி