போண்டாக் கடைக்குப் போன கடைசி அத்தியாயம்

அந்த இரண்டு தாள்களை இன்று காலை பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். உடனே சொல்லமாட்டேன். கொஞ்சம் பொறு.

வில்லியனூரில் நான் பேருந்து மாறும் இடத்துக்கு எதிரே உன் பழைய பேப்பர் கடை. வீட்டில் சேர்ந்துபோன கேள்வித்தாள்களைப் போட முதன்முதலாக வந்த அன்று, தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ படித்துக்கொண்டிருந்தாய். என்ன புத்தகம் என்று கேட்டேன்.

"மாட்டுக்கு வயிறு ஊதிக்கினா இன்னா பண்றதுன்னு போட்டிருக்கு டீச்சர்."

"மாடு வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே. மாடு வெச்சிருந்தாத்தான் படிக்கணுமா?"

அப்போது நான் பதினைந்து வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். பாடப் புத்தகம் தவிர நான் திறந்தது நாட்காட்டி ஒன்றுதான். எட்டாவதோடு நின்ற நீயோ மூட்டையில் வந்ததையெல்லாம் படித்தாய்.

அடுத்த வாரமே என்னை மூட்டைக்கு முன்னால் நிறுத்தி உன் சட்டத்தைச் சொன்னாய். கண்ணை மூடிக்கொண்டு கையை விட வேண்டும். வருவதை முழுக்கப் படிக்க வேண்டும். அது முடியும்வரை வேறு புத்தகத்தைத் தொடக்கூடாது. "பாத்து எடுத்தா தெரிஞ்சதையேதான் எடுப்பே" என்றாய்.

எனக்கு முதலில் வந்தது கிணறு வெட்டுவது பற்றிய புத்தகம். முகம் சுளித்துக்கொண்டுதான் எடுத்துப்போனேன். நான்காம் நாள் பாகூரில் எங்கள் தெருக் கிணற்றை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணறு ஏன் வட்டமாக இருக்கிறது, சதுரமாக இருந்தால் மண் எந்தப் பக்கம் தள்ளும் என்று வகுப்பில் கேட்டபோது, கடைசி பெஞ்சுகூட எழுந்து நின்று சண்டை போட்டது. வட்டத்தை அதுவரை நான் அப்படி நடத்தியதே இல்லை. பிறகு கறையான் வந்தது. கப்பல் சமையல்காரர் ஒருவரின் வாழ்க்கைக் கதை வந்தது. கையெழுத்தைப் பார்த்துக் கள்ளப் பத்திரம் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒன்று வந்தது. அதைப் படித்த மாதம் பிள்ளைகளின் விடுப்புக் கடிதங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்தத் துப்பறியும் கதை. அட்டையில் ஒரு பூட்டிய கதவு, உள்ளே தையல் விட்டுத் தாள்கள் தனித்தனியாக. பெரிய வீட்டுக்காரர் செத்துக் கிடக்கிறார், அறை உள்ளே பூட்டியிருக்கிறது. தினமும் மாலை என் பேருந்து வரும்வரை நீ உரக்கப் படித்தாய். சொத்து யாருக்குப் போகிறது என்று கணக்குப் போட்டு, அண்ணன் மகன்தான் என்றேன் நான். நீ சமையல்காரி என்றாய்.

"அவளுக்கு என்ன காரணம்?"

"அந்த வூட்ல எல்லாரும் அவ கையால துன்றாங்க. ஒருத்தராவது அவ மூஞ்சப் பாத்தாங்களா?"

பந்தயம் கட்டினோம். தோற்றவள் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

மறுநாள் வந்தால் கடைசி அத்தியாயத்தைக் காணோம். போண்டாக் கடைக்குக் காலையில் கட்டிய பேப்பர் கட்டோடு அதுவும் போயிருந்தது. "என் கையாலயே கட்டிக் குடுத்தேனே டீச்சர்!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினாய். நானும் பின்னாலேயே ஓடினேன். கடையில் தாள்கள் முக்கால்வாசி தீர்ந்திருந்தன. மிச்சத்தைக் கிளறியதில் ஒரு தாள் கிடைத்தது. இன்னொன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையில் இருந்தது. நீ அதைப் பிடுங்கினாய்.

"இன்னாம்மா இது, துன்றவன் கைலேந்து புடுங்குறியே!"

"போண்டா உனுக்கு, கொலகாரன் எனுக்கு. பேப்பர வுடு பெரியப்பா!"

ஒன்றில், எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்கிறார் துப்பறிபவர். மற்றதில், எல்லோரும் காபி குடிக்கிறார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த மூட்டை வந்தாலும் நம் கண் முதலில் அந்தப் பூட்டிய கதவு அட்டையைத்தான் தேடியது. நான் ஓய்வு பெற்றேன். தேடல் நிற்கவில்லை. போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். பந்தயம் அப்படியே நின்றது.

போன வாரம் உன் மகள் போன் செய்தாள். அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தார்களாம், நாலு மூட்டை புத்தகமாம். போனேன். சட்டப்படி கண்ணை மூடிக் கையை விட்டேன். வந்தது தேனீ வளர்ப்பு. கண்ணைத் திறந்தால், அது இருந்த இடத்துக்கு அடியில் பூட்டிய கதவு! தையல் விடாமல், ஒரு தாள் குறையாமல்.

உன் மகள், "எடுத்துக்கோங்க டீச்சர், யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் சட்டம் சட்டம்தானே? கதவை அலமாரிமேல் வைத்துவிட்டு நான்கு நாள் தேனீ படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தவள், பூ இருக்கும் திசையைத் தேனீ ஆடிக் காட்டுகிறது, அந்த ஆட்டத்தில் கோணம் இருக்கிறது என்று வந்த இடத்தில் அலமாரியையே மறந்துபோனேன். கோணம்! இத்தனை வருடம் கோணம் நடத்திய எனக்கு இது தெரியாது.

நேற்று மாலை கதவைத் திறந்தேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் கத்தியேவிட்டேன். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தாள்.

"இன்னாச்சு டீச்சர்?"

"சமையல்காரிதான்!"

"யாரு வூட்டு சமையக்காரி?"

சிரித்தேன். அவளுக்கு எப்படிச் சொல்ல? சொல்ல வேண்டிய ஆள் நீ. எதிரே நின்று, "பாத்தியா!" என்று உன் தொடையில் தட்டிக்கொள்ளத்தான் நீ இல்லை.

இன்று காலை உன் மகளுக்கு விஷயத்தைச் சொன்னேன். மதியம் பேருந்து பிடித்து வந்து ஒரு பொட்டலம் கொடுத்தாள். "அம்மா ரொம்ப நாளா பரண்மேல வெச்சிருந்திச்சி. உங்க பேரப் போட்டு." பிரித்தேன். பிரெஞ்சு முதல் பாடப் புத்தகம், பல்லாங்குழி மாதிரிப் புழு அரித்தது. ஜெயித்துவிடுவாய் என்று உனக்கு அவ்வளவு நிச்சயம்!

மூன்று பக்கம் முடித்துவிட்டேன். உச்சரிப்பு எல்லாம் என் இஷ்டம்தான். எட்டிப் பார்த்த என் தங்கை, "இந்த வயசுல இதக் கத்துக்கினு இன்னாக்கா பண்ணப் போறே?" என்று கேட்டாள்.

பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னேன்: "மாடு வெச்சிருந்தாத்தான் படிக்கணுமா?"