மாடு கட்டுகிற கல்

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. எல்லைக்கல் என்று நினைத்து ஒரு கல்லிலிருந்து மூன்று நாள் நிலம் அளந்தேன். "தம்பி, அது நான் மாடு கட்ட நட்ட கல்லு," என்றார் நிலத்துக்கார அக்கா. "அளக்கப் படிச்சது நீங்களா, நானா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். என் வரைபடத்தில் அவர் கிணறு பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டது. நேற்று, அவர் காட்டிய முட்புதரை வெட்டினால் உள்ளே பழைய எல்லைக்கல்!

வரைபடத்தைத் திருத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை, தண்ணீர் கேட்டேன். அதே கிணற்றில் இறைத்துக் கொடுத்து, "மெதுவா குடி தம்பி, புரை ஏறிடும்," என்றார். குடித்துவிட்டு, சொம்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முள்ளில் கிழிந்த சட்டைக்கு நீல நூல் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீயே அனுப்பு. ஜீப் வந்துவிட்டது. முதலில் அந்த அக்கா வீட்டுக்குத்தான் போகிறேன்.

உன் மகன்