டாக்டர் கையில் ஒரு சொட்டுச் சிவப்பு

03.06.2024, திங்கள்
மழை. மகள் சுலக்ஷனா, பள்ளிக்கூடத்து ஜெயமலர் டீச்சரிடம் பழைய காமிக்ஸ் ஒன்று இரவல் வாங்கி வந்திருக்கிறாள். ‘கரும்பருந்து’, 47ஆம் இதழ். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி; இதைப் பற்றித்தான் பேசப் போகிறாளாம். நானும் பார்க்கட்டுமா என்றேன்.
“இது சண்டப் படம் இல்லப்பா. ஒங்களுக்கு வெளங்காது.”
நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான் என்றால் அவ்வளவு இளப்பமா?

04.06, செவ்வாய்
திருடினேன். பொலித்தீனில் சுற்றி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கொண்டுபோய் தேத்தண்ணி நேரத்தில் வாசித்தேன். கதாநாயகன் பருந்துக்குப் பறக்கத் தெரியும், ஆனால் இதில் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. கோட்டு நனைய நடக்கிறான், தனக்குள்ளேயே பேசுகிறான். எல்லாருக்கும் பாதி முகம், மீதி இருட்டு. மழை, பனிமூட்டம், பொய் – தலவாக்கலை பஸ் ஸ்டாண்டைப் பார்த்தே வரைந்த மாதிரி. மேயரைக் கொன்றது பாடகியா, டாக்டரா, இன்ஸ்பெக்டரா? சொல்லவே இல்லை. பருந்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறான்.
திரும்பும்போது நானும், “மழை பெய்தது. அவன் நடந்தான். அவனுக்கு யாருமில்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.
பின்னால், என்னோடு கவ்வாத்து வெட்டும் மூக்கன்: “நான் இருக்கேன்ல, அண்ணே.”

05.06, புதன்
புத்தகத்தில், டாக்டர் படத்தின் சட்டைக் கையில் ஒரு சொட்டு இரத்தம். என்னுடையது. காலில் கடித்த அட்டையைப் பிய்த்த கையோடு பக்கம் திருப்பியிருக்கிறேன். சத்தமில்லாமல் எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

09.06, ஞாயிறு
சுலக்ஷனா பேசிக் காட்டினாள். “புத்தகம் முழுவதும் கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு சொட்டுச் சிவப்பு, டாக்டர் கையில். ஓவியர் கொலைகாரனை அங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார்.”
என் மனைவி சண்முகவடிவு, “அந்தாளு முழியே சரியில்ல” என்றாள். புத்தகத்தை அவள் பார்த்ததே இல்லை. நானும் கை தட்டினேன். என்ன மனிதன் நான்?

11.06, செவ்வாய்
நடுவர் ஜெயமலர் டீச்சராம். தன் புத்தகத்தில் சிவப்பு இல்லை என்று அவருக்குத் தெரியாதா? பிள்ளை மேடையில் அவமானப்படுவாள். சொல்லிவிட்டால் இனி அவள் பக்கமே என்னை அண்டவிடமாட்டாள் – என்னதான் செய்ய? பருந்து என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் போவான். எங்கள் ஒற்றையறைக் காம்பிராவில் இருப்பதே ஒரு பல்பு. அணைத்தால் சண்முகவடிவு ஏசுவாள்.

12.06, புதன்
சொல்லிவிட்டேன்.
“டாக்டரு குத்தவாளி இல்ல, பாப்பா.”
“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”
“அது என் ரத்தம்.” காலைத் தூக்கிக் கடிவாயைக் காட்டினேன்.
முகம் சிவந்துவிட்டது. ரெண்டு நாளில் பேச்சை எப்படி மாற்றுவது என்று அழுதாள். சண்முகவடிவும் சேர்ந்துகொண்டு என்னை ஏசினாள். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். கடைசியில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:
“அப்ப யாருதான் கொன்னது?”
“இன்ஸ்பெக்டரு. கொட்டுற மழையில ஓடியாந்தேங்கிறான். சப்பாத்துல ஒரு பொட்டு சேறு இல்ல. அவன் எங்க வெளியில இருந்து வந்தான்? உள்ளுக்கே இருந்திருக்கான்.”
புத்தகத்தைப் பல்புக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பேனையைத் தேடினாள்.

14.06, வெள்ளி
இரண்டாம் இடம். கறைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். “நான் இருபது வருசமா டாக்டரத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தனான்” என்றார் டீச்சர்.

17.06, திங்கள்
டீச்சர் 48ஆம் இதழையும் இரவல் கொடுத்திருக்கிறார். சுலக்ஷனா தான் வாசிக்காமல் என்னிடம் நீட்டினாள்.
“நீங்க மொதல்ல வாசிச்சிட்டுச் சொல்லுங்கப்பா. கொஞ்சம் இருங்க, காலக் காட்டுங்க.”
காட்டினேன்.