முகிலடியில் எத்தனை தெரு

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்ரூவலுக்குப் போகவேண்டிய பிளான் இரண்டு அப்படியே கிடக்கிறது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால், சொர்ணவல்லி ஸ்பைரல் போட்ட ஒரு கட்டுத் தாளை என் முன் வைத்தாள். நாவலாம். மாயாஜால ஊர்க் கதை. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

பள்ளத்தூர் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போகவர பஸ்ஸில், போனிலேயே ஆறு வருஷமாக எழுதியிருக்கிறாள். தங்கச்சியோடு சாட் பண்ணுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது.

ஒரு பதிப்பகம் முழுப் பிரதியையும் மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறதாம். "கதை நல்லாருக்கான்னு நீங்க சொல்ல வேணாம். அந்த ஊரு நிக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நிக்காதுன்னா அனுப்ப மாட்டேன்" என்றாள்.

வீட்டுக்குப் பிளான் போடுகிறவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான்.

ஆகஸ்ட் 6, புதன்

அறுபது பக்கம் படித்தேன். ஊர் பெயர் முகிலடி. ஆறு கிடையாது, கிணறு கிடையாது. மழை மட்டும்தான். அதுவும் தன் வீட்டுக்குத் தானே மழையைக் கூப்பிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் நம் முற்றத்தில் பெய்யும்.

கடைசி வீட்டுப் பெண் வேம்பி. அவளுக்கு ஒரு பக்கம்தான் அண்டை வீடு. அந்த வீட்டோடும் பேச்சு இல்லை.

எப்படித் தோன்றியது இவளுக்கு? நான் சாப்பிட, எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். "உப்புப் போதலையா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

விடக்கூடாது என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஏழு நிலைக் கோபுரத்துக்கு ஆறடி அஸ்திவாரம் போதாது என்று எழுதினேன். நாற்பது பக்கம் தள்ளி, அந்தக் கோபுரம் சாய்ந்துகொண்டிருப்பதுதான் ராஜாவின் கவலையே என்று வருகிறது. சண்டைக்காரர்கள் தாகத்தில் சாகமாட்டார்களா என்று எழுதினேன். பகையாளிக்கும் மழை கூப்பிட்டு, கூப்பிடும்போதே திட்டித் தீர்க்கும் கிழவர் ஒருவர் வருகிறார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

நான் ஒவ்வொரு ஓட்டையாகக் கண்டுபிடிக்கிறேன். அவள் எனக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அகப்பட்டது. தாளை விரித்து ஊரை அளவோடு வரைந்தேன். ராஜாவின் தண்டோராவில் முகிலடிக்கு நாலு தெரு. ஆனால் வேம்பி மணிக்கூண்டுக்குப் போகும்போது ஏழு தெருவைக் கடக்கிறாள். ஒரு தடவை தவறி எழுதியது என்றால் விடலாம். மூன்று அத்தியாயம் முழுக்க அந்த ஏழு தெருவில்தான் நடக்கிறது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் இடிக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன். வரைபடத்தைக் காட்டி, "ஊரு நிக்காது சொர்ணம்" என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது தப்பென்று அவளுக்கு எப்போதுமே தோன்றியதில்லையாம். "தெரிஞ்சவுக நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எனக்கு உள்ளூரப் பெருமை. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பஸ்ஸில் போனை எடுப்பதில்லை போல. சார்ஜ் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்



பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு, லாட்ஜாக மாற்றப் போகிறார்கள். அளக்கப் போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முத்தரசு அண்ணன் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனார். முகப்பு, முற்றம் வைத்த வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. நூற்றெழுபது அடி தாண்டி, "கதவைத் தொறக்கவா? அங்குட்டும் அளக்கணுமா?" என்று கேட்டார்.

திறந்தார். அங்கே ஒரு தெரு.

கீரைக்காரி, குழாயடியில் நாலு குடம், எதிர்வீட்டுப் பின்வாசலில் நின்று பேசும் இரண்டு பெண்கள். முன்தெருவில் நான் வரும்போது ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஊரே இங்கேதான் இருக்கிறது.

எனக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இருபது வருஷமாக அளக்கிறேனே! ஆனால் விலாசத்தில் முன்தெருவைத்தான் போடுவோம். முகிலடியை வரைந்தபோதும் அதையேதான் செய்திருக்கிறேன். முன்வாசல் தெரு நாலு, அவற்றுக்கு நடுவே பின்வாசல் தெரு மூன்று. மொத்தம் ஏழு. ராஜா நாலுதான் எண்ணுவான். நானும் நாலுதான் எண்ணினேன். மடப்பய, மடப்பய.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டாப்பிலேயே சொன்னேன். அவள் முகம் மலரும் என்று பார்த்தால் வெளுத்துவிட்டது.

"நீங்க சொன்னீகன்னு அந்த மூணு தெருவையும் இடிச்சுட்டேனே. மூணு அத்தியாயமும் போனுல இல்ல."

நடந்து வரும்போது அவளே சொன்னாள். "நாலு, ஏழுன்னு நான் எண்ணவே இல்லீங்க. எங்க அம்மா பின்வாசல் பின்வாசலாப் பூக்குடுத்தவுக. கூடப் போன கணக்குல கால் எழுதுனதுதான்."

ஸ்பைரல் கட்டு என்னிடம் இருக்கிறது என்றேன். என் சிவப்பு மைக்கு அடியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பத்து நாள்தான் பாக்கி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நான் வாசிக்க, அவள் அடிக்கிறாள். காலையிலிருந்து இரண்டு அத்தியாயம். நான் பிடிவாதமாகக் கோடு போட்ட வரிகளைச் சத்தமாக வாசிக்கும்போது நாக்கு கூசுகிறது. சில இடங்களில் நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வேறு வரி போடுகிறாள். அடுத்த அறைக்குப் போய்ப் பொருள் எடுத்து வருகிறவள்போல் போய்விட்டு வருகிறாள்.

ராஜாவின் ஆள் வேம்பியிடம், உங்கள் ஊரில் எத்தனை தெரு என்று கேட்கிறான். 'எந்த வாசலில் நின்று கேட்கிறீர்கள்?' என்கிறாள் அவள். இது பழைய பிரதியில் இல்லை. இப்போது என் கண்ணெதிரில் வந்தது.

ஆகஸ்ட் 30, சனி

அனுப்பிவிட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று பதிப்பகத்திலிருந்து போன். ஏற்றுக்கொண்டார்கள், சித்திரையில் வருமாம். புத்தகத்தின் முன்பக்கத்தில் ஊர் வரைபடம் ஒன்று போடலாமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தான்.

அடுத்தது தொடங்கிவிட்டாள். பார்க்கட்டுமா என்றேன். "முடியிற வரைக்கும் காட்ட மாட்டேன்" என்றாள்.

இன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பியவள் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பினாள். "ஏங்க, ஒரு ஊருல காத்தே அடிக்காதுன்னு வச்சுக்கங்க. அடுப்புப் புகையெல்லாம் எங்க போகும்?"

சாயங்காலம் வந்து கேட்பாள். ஆபீஸில் இன்று ஒரு பிளானும் வரையவில்லை.