வேலைக்குப் போன கிராபிக்ஸ் கார்டு

என் அன்பு அண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவோ மறைக்கவோ மாட்டேன்.

கொருக்குப்பேட்டையில் நீ வீடுவீடாகக் கொடுத்த இன்டர்நெட் லைனை இப்போது அம்மாதான் நடத்துகிறாள். சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒவ்வொரு வீடாக விலகத் தொடங்கியது. "லைனை எவன் கைலயாவது குட்துட்லாம்டி. உங்கண்ணன் கேம் ஆட்ன பொட்டியையும் வித்துட்லாம்" என்றாள் அம்மா.

உன் பெட்டியை விற்பதா? நூலகத்தில் தேடித்தேடிப் படித்தேன். இணையத்தில் எல்லாமே பாக்கெட் எனப்படும் சிறுசிறு தகவல் துண்டுகளாகத்தான் வருகின்றன. எங்கிருந்து, யாருக்கு, என்ன வகை என்று ஒவ்வொன்றையும் விதிகளோடு ஒப்பிட்டு வகைபிரிக்க வேண்டும். லைனைக் கவனிக்கும் நம் பழைய கணினி அதை ஒன்று முடிந்தபின் ஒன்றாகச் செய்து திணறியது. உன் பெட்டிக்குள் கேம் படங்களை வரைந்துகொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டோ ஒரே சமயத்தில் ஏராளமான பாக்கெட்டுகளை ஒப்பிடக்கூடியது.

புரோகிராம் எழுதி ஓட்டினேன். லைன் முன்பைவிட மோசமாகிவிட்டது. மாடிவீட்டு லூர்து மாமா எட்டிப் பார்த்தார். "பாப்பா, இன்னா பண்ணிகினு கீற? முன்னாடி சுத்திகினாவது இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

மறுநாள் பள்ளிக்குப் போக டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். நான் மட்டும்தான். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. "உன் ஒர்த்திக்காக திருவொற்றியூர் வரிக்கும் உருட்டினு போவ சொல்றியா? ஆள் சேரட்டும்மா. நேரமாச்சுன்னா கீறவங்கள இட்டுகினு கெளம்பிடுவேன்."

என் தவறு அங்கேதான் புரிந்தது. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகக் கார்டுக்கு அனுப்பியிருந்தேன். ஒப்பிடும் நேரத்தைவிடப் போய்வரும் நேரம் அதிகமாகிவிட்டது. இப்போது ஒரு கூட்டம் சேர்ந்ததும் அனுப்புகிறேன். சேராவிட்டாலும், கண் இமைப்பதற்குள் இருப்பவை கிளம்பிவிடும்.

நேற்று மேட்ச். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போட்டார்கள். நானும் அம்மாவும் உன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். லூர்து மாமா இறங்கிவந்தார்.

"இன்னா மாமா, நின்னுடுச்சா?"

"நிக்கவே மாட்டேங்குது பாப்பா. ஒண்ணுக்குப் போவக்கூட நேரம் வுடல."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நீ போனபின் அந்தச் சத்தம் நம் வீட்டில் கேட்டதே இல்லை. மாலை போட்ட உன் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். உனக்குக் கேட்டதா?

விலகிப்போன ரெண்டு வீட்டார் இன்று திரும்பி வந்தார்கள். "லைனை வேற ஆளுக்குக் குட்க்கப் போறியாமே?" என்று கேட்டார்கள். "யார் சொன்னா? எம்பொண்ணு கீறா" என்றாள் அம்மா.

பன்னிரண்டாவது முடியட்டும் அண்ணா. இந்த லைனை எண்ணூர் வரைக்கும் கொண்டுபோகிறேன்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்குள் அம்மா, "போதும், படு" என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

என்றும் உன் பின்னாலேயே சுற்றும் தங்கச்சி,
செல்வி