ஒரே எண்ணில் இருவர்

நாள் 412, 09:10
செவ்வாய்க் கோள், மூன்றாம் நிலையம். எழுதுவது பூங்கோதை, கணினிப் பொறியாளர். மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. இரண்டு சர்வர்களும் ஒரே நொடியில் எழுந்தன. காற்றழுத்தம் சரி. ஜெபராஜும் ருக்மாங்கதனும் புது நுழைவு எண் வாங்கிக்கொண்டு பனி தோண்டப் போயிருக்கிறார்கள்.

11:32
ருக்மாங்கதன் உள்ளே வந்துவிட்டார். பின்னால் வந்த ஜெபராஜுக்குக் கதவு திறக்கவில்லை. ரேடியோவில் சிரிக்கிறான்: “அக்கா, நான் ஏற்கெனவே உள்ள இருக்கேன்னுல்லா சொல்லுது இந்தக் கதவு!”
உடையில் ஆக்சிஜன் நாற்பது நிமிடத்துக்கு.

11:38
இருவருக்கும் ஒரே எண்! ஆளுக்கொரு சர்வர் கொடுத்தது. எண்ணை உருவாக்க அவை தாம் எழுந்த நொடியை மட்டுமே பார்க்கின்றன. பூமியிலிருந்து கிளம்பும் முன்பே இது ஆபத்து என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் சொன்னார்: “கோடியில ஒரு தடவை நடக்கிறதுக்காகத் தேதியைத் தள்ளிப் போட முடியாதும்மா.”
அந்த ஒரு தடவை வெளியே நின்று கதவைத் தட்டுகிறது, ஐயா.

11:41
ஒரே எண் இரண்டு முறை வந்ததால் கணினி கதவைப் பூட்டிவிட்டது, உள்ளிருந்தும் திறக்காது. பதிவை மாற்றப் பூமியின் அனுமதி வேண்டும். செய்தி போகப் பதினாலு நிமிடம், வரப் பதினாலு. அனுப்பிவிட்டேன். கையால் சுற்றித் திறக்கும் சக்கரத்தை எடை கூடுமென்று கழற்றினீர்களே, எத்தனை கிலோ அது? ஆறு!

12:10
பூமி: “வெளியே யாரும் இல்லைன்னு பட்டியல் காட்டுது. சரிபார்த்துட்டு மறுபடி அனுப்புங்க.”
பட்டியலைக் கொளுத்துங்கள். ருக்மாங்கதன் உள்ளிருந்து கதவு மோட்டாரை உடைக்கிறார், கையெல்லாம் ரத்தம். ஜெபராஜ் இப்போது சிரிக்கவில்லை: “அக்கா, மூச்சு முட்டுது. பேசிட்டே இருங்க.”

13:05
மோட்டார் உடைந்து வெளிக்கதவு விலகியது; அதை மறுபடி சாத்தி, ஜெபராஜை உள்ளே இழுத்துப் போட்டோம். அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தினேன். ஜெபராஜ் போய்விட்டான். இருபத்தொன்பது வயது. பூமிக்குச் சொல்லிவிட்டேன். ருக்மாங்கதன் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

13:30
மரணத்தைப் பதிய உட்கார்ந்தேன். பெயர் கேட்கவில்லை, எண் கேட்கிறது. இறந்தவரின் அறையைக் கணினி பூட்டிக் காற்றை நிறுத்திவிடும். அந்த எண்ணில் இப்போது இருப்பது ருக்மாங்கதனின் அறை. பதியவில்லை. ‘நீங்களும் பதியாதீர்கள்’ என்று பூமிக்கு அனுப்பிவிட்டேன். பதினாலு நிமிடம்.

13:36
பூமி: “ஆழ்ந்த அனுதாபங்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு மரணத்தை நாங்களே பதிஞ்சுட்டோம்.”
அட பாவிகளா
அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டுகிறார் கடப்பாரை எங்கே கடப்