உனக்குக் காய்ச்சல் வராத நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்காலையும் என் மனசையும் விட்டுவிட்டால். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ நடுவில் புகுந்து, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவார். நாலு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியை இரண்டு தடவை அடுக்கி இரண்டு தடவை கலைத்தாயிற்று. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடக்கிறேன். என் முழங்காலுக்கும் சேர்த்து நீயே நடந்துடு என்கிறார் உன் அப்பா. கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கப்புறம் ஒரு படத்தில் பாடக் கூப்பிட்டார்கள். இசையமைப்பாளர் சின்ன வயசு, என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். வழக்கம்போல ட்ராக் அனுப்பினார். நாங்கள் கேட்டுப் பழக வேறொரு பெண் முன்னாலேயே பாடி வைப்பாளே, அதுதான், அப்புறம் அவள் குரலை அழித்துவிட்டு எங்கள் குரலை வைப்பார்கள். இந்தப் பெண் இரண்டாவது சரணத்தில் ஒரு வரி தொடங்குமுன் லேசாகச் சிரிக்கிறாள். சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சு தடுக்கின மாதிரி ஒன்று. பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினேழு தடவை பாடினேன். நாற்பத்தோரு வருஷம் பாடியவளுக்கு அந்த ஒரு சிரிப்பு வரவில்லையடி, இருமல்தான் வந்தது. கடைசியில் அவர், விடுங்கம்மா, அந்த ஒரு இடத்த மட்டும் அவ பாடினதுல இருந்து வெட்டி உங்க குரல்ல ஒட்டிடுறேன், ஒருத்தருக்கும் தெரியாது என்றார். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகிறது.

இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைப்பாய். போன மாதம் பேரனின் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிப் பேசினாயே, எனக்கு அப்போ நாலு வயசு, நூத்திமூணு டிகிரி காய்ச்சல், என்னை விட்டுட்டு ரெக்கார்டிங் போன அம்மா பாடறப்பவே விம்மிட்டாங்க, விருது வாங்கின பாட்டுல இருக்கறது அந்த விம்மல்தான் என்று கண்கலங்கச் சொன்னாயே, அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பு. நானே பேட்டிக்குப் பேட்டி சொன்ன கதைதான். அத்தனையும் பொய், கண்ணு. அன்றைக்கு உனக்குக் காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அப்பா முதுகில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாய். ஸ்டுடியோவில் எனக்கு உன் ஞாபகமே வரவில்லை, மன்னித்துவிடு. அந்த விம்மல் அன்றைக்கு ட்ராக் பாடிய பெண்ணுடையது, நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் அதை யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எப்படி வந்தது என்று பேட்டியில் கேட்டபோது அவளைச் சொல்ல வாய் வரவில்லை, உன்னைச் சொல்லிவிட்டேன். பாடிவிட்டு வெளியே வந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பச்சைக் குடை. நல்லா வந்துச்சாக்கா என்று கேட்டாள். ம், வந்துச்சு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. மேடையில் அந்த இடம் வரும்போதெல்லாம் ஜனங்கள் கைதட்டுவார்கள், எனக்கு அந்தக் குடைதான் கண்ணில் நிற்கும்.

இன்று காலை இசையமைப்பாளருக்குப் போன் போட்டுவிட்டேன். ஒட்டறதா இருந்தா முழுசா ஒட்டுப்பா, என் குரலை எடுத்துட்டு அந்தப் பொண்ணு பாடினதையே வச்சுடு என்றேன். தயாரிப்பாளர் உங்க பேருக்காகத்தானே ஒத்துக்கிட்டார், அவர்கிட்ட நான் என்னம்மா சொல்றது என்று தவித்துப்போனார். எனக்குத் தொண்டை போயிடுச்சுன்னு சொல்லிடு என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இனிமே ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க, தெரியுமில்ல என்றார். தெரியும். பெருமையாகவெல்லாம் இல்லை. போனை வைத்த பிறகும் அதே நடைதான்.

அம்மாவுக்குக் குரல் போய்விட்டதாம் என்று அங்கேயும் செய்தி வரும். பதறாதே, டிக்கெட் போடாதே, யாரோடும் சண்டைக்குப் போகாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. பேரனிடம் காய்ச்சல் கதையை மாற்றிச் சொல்லிவிடு, பச்சைக் குடையை விட்டுவிடாமல் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். மறக்காமல் ஒன்று செய். வெள்ளிக்கிழமை பாட்டு வந்ததும் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல், அந்தப் பொடி எழுத்தெல்லாம் கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியாது. போடவில்லை என்றால் சொல், இன்னொரு போன் போட எனக்குத் தொண்டை இருக்கிறது.

இப்படிக்கு,
குரல் போய்விட்ட உன் அம்மா